நம்பர் படிக்க வரும் பிள்ளைகளுக்கு

இராயபுரத்தில் கிளம்பி எண்ணூர் போய்ச் சேரும்வரை சாலை நெடுக நம்பர்தான். கன்டெய்னரில் நம்பர், டிரெய்லர் சேசிஸில் நம்பர், துறைமுகத்துக்கு வரிசையாகப் போகும் புதுக் காரின் கண்ணாடிக்குக் கீழே நம்பர். 1948-ல் எண்ணூரில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. 1955-ல் அதுவே அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955-ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு கம்பெனி புல்லட்டுக்கு இடம் பிடித்தது. இந்த ஊர்ப் பிள்ளைக்குச் சேசிஸ் நம்பர் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் பட்டறைக்கு வரும் புதுப் பிள்ளைகள் இப்போது கேட்பது பழைய அமெரிக்க வண்டிகளைப் பற்றி. இம்பாலா, பிளிமத், டாட்ஜ், எப்போதாவது ஒரு மஸ்டாங். செல்போனில் எதையோ பார்த்துவிட்டு வந்து, "நைனா, இது ஒரிஜினல் எஸ்.எஸ்.ஸா, எஞ்சின் அதோட எஞ்சின்தானா?" என்கிறார்கள். எண்ணைக் கேள், பிறகு இரும்பைக் கேள், கடைசியாகக் காகிதத்தைக் கேள். மூன்றும் ஒரே பேச்சுப் பேசினால் நம்பு. நான் சொல்ல வருவது இவ்வளவுதான். கீழே இருப்பதெல்லாம் அதைச் செய்யும் வழி.

1. எந்த நம்பர் என்று முதலில் பிரித்துக்கொள்.

ஒரு பழைய அமெரிக்க வண்டியில் நாலு வகை எண் இருக்கும். வண்டிக்கே உரிய வரிசை எண் ஒன்று. நம் ஊரில் சேசிஸ் நம்பர் என்பது பெரும்பாலும் இதைத்தான். பாடி கட்டிய ஆலை அடித்த பிளேட் இரண்டாவது. எஞ்சின் பிளாக்கில் பஞ்ச் அடித்த எண் மூன்றாவது. வார்ப்பிலேயே மேடாக எழுந்து நிற்கும் காஸ்டிங் நம்பர் நாலாவது. கற்றுக்கொள்ள வருகிறவன் முதலில் தடுக்கி விழுவது இந்த நாலாவதில். அது பெரிதாக, தெளிவாகக் கண்ணில் படும். அதுதான் எஞ்சின் நம்பர் என்று எழுதிக்கொண்டு போய்விடுவான். மேடாக இருந்தால் வார்ப்பு எண். ஒரே அச்சில் வார்த்த ஆயிரக்கணக்கான பிளாக்குகளில் அதே எண்தான் இருக்கும். பள்ளமாக இருந்தால் பஞ்ச் அடித்தது. அதுதான் அந்த ஒரு எஞ்சினுக்கு உரியது.

2. கழுவு, தேய்க்காதே.

நம் பக்கத்து உப்புக் காற்று எதையும் விடாது. காசிமேட்டுப் பக்கம் பத்து வருடம் நின்ற வண்டியில் பிளேட் இருக்கும் இடமே துருவில் மறைந்திருக்கும். உடனே கிரைண்டரையும் எமரித் தாளையும் தேடாதே. மண்ணெண்ணெயில் ஊறிய துணியை ஒரு ராத்திரி போட்டுவை. மறுநாள் பழைய பல் பிரஷால் மெதுவாக எடு. டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் பள்ளத்தில் நிழல் விழும். எழுத்து தானாகத் தெரியும். கொஞ்சம் முகப்பவுடரைத் தடவித் துடைத்துவிட்டால் இன்னும் தெளியும். பஞ்ச் அடித்த இடத்தில் சக்கரத்தை ஒரு முறை ஓட்டினால் போதும், அறுபது வருடச் செய்தி தூளாகிக் கொட்டிவிடும். அதன்பிறகு எந்தப் புத்தகமும் உனக்கு உதவாது.

3. கண்ணை நம்பாதே, பென்சில் அச்சு எடு.

ஆர்.டி.ஓ. அலுவலகப் படிவத்தில் ஒட்டச் சேசிஸ் பிரிண்ட் எடுப்பதை நீ பார்த்திருப்பாய். அதையே இங்கேயும் செய். மெல்லிய தாளை எண்ணின் மேல் அசையாமல் பிடித்து, மிருதுவான பென்சிலைப் படுக்கவைத்துத் தேய். 5-க்கும் எஸ்ஸுக்கும், 8-க்கும் பி-க்கும் கண்ணால் சண்டை போட்டுக்கொண்டிருந்தது பல சமயம் தாளில் தீர்ந்துவிடும். தாளில் தேதியும், எடுத்த இடமும், எந்த வண்டி என்பதும் எழுதிவை. போட்டோவும் எடு. ஆனால் முழு எண்ணையும் ஊருக்கெல்லாம் அனுப்பாதே. கடைசி மூன்று இலக்கத்தை மறைத்துவிட்டு அனுப்பு. அடுத்தவன் ஒரு பிளேட் அடித்துக்கொள்ள உன் போட்டோ போதும்.

4. பதினேழு எழுத்தைத் தேடி அலையாதே.

இன்றைய வண்டிகளில் பதினேழு எழுத்து இருக்கிறது. அமெரிக்காவில் அது கட்டாயமானது 1981 மாடலிலிருந்து. அதில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று எழுத்தும் வராது, 1, 0 என்ற எண்களோடு குழம்பும் என்பதால். முதல் எழுத்து நாடு: 1, 4, 5 அமெரிக்கா, 2 கனடா, ஜே ஜப்பான், எம் வரிசையில் நாம். எண்ணூர் லேலண்டுக்கு எம்.பி.1, ராயல் என்ஃபீல்டுக்கு எம்.இ.3, ஃபோர்டு இந்தியாவுக்கு எம்.ஏ.ஜே. மறைமலை நகரில் கட்டிய ஈகோஸ்போர்ட் அமெரிக்காவுக்கே போனது. அந்த ஊர் மெக்கானிக்கும் எம்.ஏ.ஜே. என்றால் என்ன என்று படிக்க வேண்டியிருந்தது. ஒன்பதாவது இடம் சரிபார்க்கும் இலக்கம். அது வட அமெரிக்கச் சட்டம். பத்தாவது இடம் மாடல் வருடம்: 1981-க்கு பி, 1982-க்கு சி என்று போகும். இதெல்லாம் தெரிந்துகொள். ஆனால் 1965 இம்பாலாவில் பதினேழு எழுத்து இல்லையே என்று புரோக்கரிடம் சண்டைக்குப் போகாதே. அந்தக் காலத்தில் கம்பெனிக்குக் கம்பெனி ஒரு முறை இருந்தது.

5. ஒரு வண்டியின் எண்ணை முழுதாக மனப்பாடம் செய்.

எல்லாக் கம்பெனியையும் ஒரே நாளில் கற்க நினைத்தால் ஒன்றும் நிற்காது. 1965 செவர்லேயை எடுத்துக்கொள். இடது முன்கதவைத் திறந்தால், கீல் மாட்டிய தூணில் சின்னப் பிளேட் இருக்கும். 164395ஜே என்று தொடங்கி ஆறு இலக்கத்தில் முடிகிறது என்று வை. முதல் 1 செவர்லே. அந்த இடத்தில் 2 வந்தால் போன்டியாக், 3 ஓல்ட்ஸ்மொபில், 4 ப்யூக். அடுத்த 64 என்பது எட்டு சிலிண்டர் இம்பாலா. 63 என்றிருந்தால் அதே இம்பாலா, ஆறு சிலிண்டர். ஒற்றைப்படை ஆறு, இரட்டைப்படை எட்டு. இது ஒன்றை மறக்காதே. பெல் ஏர் 55, 56. பிஸ்கேன் 53, 54. அடுத்த 39 பாடி: நடுத்தூண் இல்லாத நாலு கதவு. 69 என்றால் தூண் வைத்த நாலு கதவு, 37 இரண்டு கதவு, 67 கூரை மடிக்கும் வண்டி. பிறகு வரும் 5 வருடம். ஜே என்பது ஆலை, விஸ்கான்சின் மாநிலத்து ஜேன்ஸ்வில். எஃப் ஃபிளின்ட், எஸ் செயின்ட் லூயிஸ். கடைசி ஆறு இலக்கம் அந்த ஆலையின் வரிசை, 100001-ல் தொடங்கும்.

இப்போது வண்டியைச் சுற்றி வா. எண் நாலு கதவு என்கிறது, கண்ணில் இரண்டு கதவு தெரிகிறது என்றால் அந்தப் பிளேட் வேறு வண்டியிலிருந்து வந்தது. எண் ஆறு சிலிண்டர் என்கிறது, பானெட்டுக்குள் வி8 இருக்கிறது என்றால் எஞ்சின் பிறகு வந்தது. இன்னொன்றையும் கவனி. 1972-க்கு முந்திய செவர்லே எண் எட்டு சிலிண்டர் என்று மட்டும்தான் சொல்லும். எஞ்சின் அளவு 283-ஆ, 327-ஆ, 396-ஆ என்று அதற்குத் தெரியாது. "சேசிஸ் நம்பரிலேயே 327 இருக்கு" என்று எவனாவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடு.

6. வருடம் மாறினால் வாய்ப்பாடும் மாறும்.

1965 வாய்ப்பாட்டை 1962 வண்டியில் வைத்தால் உளறும். 1960 முதல் 1964 வரை செவர்லேயில் வருடம்தான் முதலில் வரும். 21869 என்றால் 1962, எட்டு சிலிண்டர் இம்பாலா, தூண் வைத்த நாலு கதவு. இன்னும் பின்னால் போ. 1957-ல் வி.சி.57 என்று தொடங்கினால், வி என்பது வி8, சி என்பது பெல் ஏர். வி இல்லாமல் சி.57 என்று மட்டும் வந்தால் ஆறு சிலிண்டர். 1950-ல் முறையே வேறு: ஆலைக்கு ஒரு எண், மாடலுக்கு இரண்டு எழுத்து, மாதத்துக்கு ஒரு எழுத்து. 14எச்.கே.சி. என்றால் பால்டிமோர் ஆலை, 1950 டீலக்ஸ், மார்ச் மாதம். பிளிமத்தில் மாடல் எழுத்தே போதும்: பி15 என்றால் 1946-லிருந்து 1949 தொடக்கம் வரை, பி17-ம் பி18-ம் 1949, பி19-ம் பி20-ம் 1950. பி17 குட்டை வீல்பேஸ், 111 அங்குலம்; பி18 நீளமானது, 118½ அங்குலம். டேப்பைப் பிடித்து அளந்தாலே எண் பொய்யா மெய்யா என்று தெரிந்துவிடும்.

7. பேட்ஜைப் பார்த்து விலை பேசாதே.

இந்த ஊரில் இம்பாலாவுக்கு எஸ்.எஸ்., அதாவது சூப்பர் ஸ்போர்ட், பேட்ஜ் ஒட்டுவது புல்லட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவதைவிடச் சுலபம். எண் என்ன சொல்கிறது என்பது வருடத்தைப் பொறுத்தது. 1961 முதல் 1963 வரை எஸ்.எஸ். ஒரு ஆப்ஷன், சேசிஸ் எண்ணில் அதன் தடமே இருக்காது. 1964-ல் அதற்குத் தனி வரிசை கொடுத்தார்கள்: 41447 என்றால் எட்டு சிலிண்டர் எஸ்.எஸ்., இரண்டு கதவு. 1965-ல் அது 166, அடுத்த இரண்டு வருடம் 168. 1968-ல் மறுபடி ஆப்ஷனாகிவிட்டது. ஆக, 1965 வண்டிக்கு "இது எஸ்.எஸ்.தான்" என்று பிளேட்டைக் காட்டி நிரூபிக்கலாம், 1963 வண்டிக்கு முடியாது, வேறு ஆதாரம் வேண்டும். நாலு கதவு வண்டியில் 1965 எஸ்.எஸ். பேட்ஜ் பார்த்தால் பிளேட்டைப் பார்க்கவே வேண்டாம். அப்படி ஒன்றை ஆலை கட்டவில்லை.

8. ஆப்ஷன் கோடு என்பது தனிக் கதை.

செவர்லேயின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் ஒவ்வொரு கூடுதல் சாமானுக்கும் ஒரு கோடு வைத்தது. ஒரு எழுத்து, இரண்டு எண். சி60 ஏ.சி., என்40 பவர் ஸ்டீயரிங், ஜே50 பவர் பிரேக், ஏ31 பவர் விண்டோ, யூ63 ரேடியோ, எம்35 பவர்கிளைடு ஆட்டோமேடிக் கியர், எம்20 நாலு கியர் மேனுவல், ஜி80 இரண்டு பின்சக்கரத்துக்கும் பிடிமானம் தரும் பாசிட்ராக்ஷன். காமரோவின் இசட்28 என்ற பெயரே இப்படி ஒரு ஆப்ஷன் கோடாகத்தான் 1967-ல் பிறந்தது. பிறகு அது பேட்ஜாகிப் புகழ் பெற்றது. வழக்கமான பட்டியலில் இல்லாததைக் கேட்டால் தலைமை அலுவலகமே தனி உத்தரவு போடும்; அதற்குக் கோப்போ என்று பேர். 1969-ல் முழு அலுமினிய எஞ்சின் போட்ட காமரோ அப்படித்தான் வந்தது. கட்டியதே 69 வண்டி.

இந்தக் கோடெல்லாம் வண்டியில் எங்கே எழுதியிருக்கும்? 1960-களின் வண்டியில் பெரும்பாலும் எழுதியிருக்காது. ஆலையில் ஆட்களுக்கு வழிகாட்ட ஒரு தாள் வண்டியோடு போகும், பில்ட் ஷீட். வேலை முடிந்ததும் அதைப் பெட்ரோல் டாங்க் மேலேயோ சீட் ஸ்பிரிங்குக்குள்ளேயோ அப்படியே விட்டுவிடுவார்கள். அதனால் பழைய சீட்டைப் பிரிக்கும்போது தேங்காய் நாரையும் குப்பையையும் சேர்த்து அள்ளிக் கொட்டாதே. கைப்பிடியளவு நைந்த மஞ்சள் தாள் கிடைத்தாலும் கண்ணாடிக் கவரில் போட்டு வை. அந்தத் தாளுக்கு எஞ்சினைவிட மதிப்பு வரக்கூடும். ஆப்ஷன் கோடுகளை ஸ்டிக்கராக டிக்கியிலோ கிளவ் பாக்ஸிலோ ஒட்டும் பழக்கம் 1980-களின் நடுவில்தான் வந்தது.

9. பாடி பிளேட்டைத் தவறவிடாதே.

பானெட்டைத் தூக்கினால், எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டுச் சுவரில், செவர்லேக்குப் பாடி கட்டிய ஃபிஷரின் பிளேட் இருக்கும். 65-16439 என்று மாடல், பாடி கட்டிய ஆலை, உள் அலங்காரக் கோடு, பெயின்ட் கோடு எல்லாம் அதில். 1965-க்கு பெயின்ட் ஏ என்றால் கறுப்பு, சி வெள்ளை, ஆர் சிவப்பு. இரண்டு எழுத்து இருந்தால் மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று. பல ஆலைகளில் 04டி என்பதுபோல ஒரு கோடும் அடித்திருப்பார்கள். ஏப்ரல், நாலாம் வாரம். டிங்கரிங் ஆள் இந்தப் பிளேட்டைக் கழற்றிவிட்டு பெயின்ட் அடிப்பான்; மாட்ட மறப்பான். நீ பக்கத்தில் நில். பிளேட்டைக் கழற்றாமல் டேப் ஒட்டி மறைத்து அடிக்கச் சொல். ஃபோர்டில் இதே வேலையைக் கதவில் இருக்கும் பிளேட் செய்யும். அதில் மாவட்ட விற்பனை அலுவலகக் கோடு என்று ஒன்று உண்டு. 90 முதல் 99 வரை இருந்தால் அந்த வண்டி ஏற்றுமதிக்கென்றே கட்டியது.

10. தேதிகளை வரிசையில் நிறுத்து.

தாய்க்கு முன்னால் பிள்ளை பிறக்காது. பிளாக் வார்த்த தேதி முதலில், எஞ்சின் பூட்டிய தேதி அடுத்து, வண்டி கட்டிய தேதி கடைசி. செவர்லே வி8-ல் கியர்பாக்ஸ் பக்கம், பிளாக்கின் பின்விளிம்பில் வார்ப்புத் தேதி இருக்கும். சி 15 5 என்றால் மார்ச் 15, வருடம் ஐந்தில் முடிவது. ஏ ஜனவரி, எல் டிசம்பர். பஞ்ச் அடித்த எண் எஞ்சினின் முன்பக்கம். ரேடியேட்டருக்கு முன்னால் நின்று வண்டியைப் பார்த்தால் உன் இடது கைப் பக்கத்து ஹெட்டுக்கு முன்னே ஒரு சின்ன மேடை தெரியும். எண்ணெய்ப் பிசுக்கு அங்கேதான் கட்டியாகப் படிந்திருக்கும். எஃப்0412 என்று தொடங்கினால் ஃபிளின்ட் ஆலை, ஏப்ரல் 12. டி என்றால் டோனவாண்டா. கடைசி எழுத்துகள் எந்த அளவு எஞ்சின், எந்த கியர்பாக்ஸ் என்று சொல்லும். இதில் வருடம் கிடையாது. அதனால்தான் வார்ப்புத் தேதியும் வேண்டும். மார்ச் 15 வார்த்து, ஏப்ரல் 12 பூட்டி, ஏப்ரல் நாலாம் வாரம் பாடி வந்தது என்றால் கணக்கு உட்காருகிறது. வார்ப்பு ஜூன் என்றால் அந்த எஞ்சின் இந்த வண்டிக்குப் பிறந்ததில்லை.

லேத் கடைக்காரனிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடு. பிளாக் ஃபேசிங் போட்டால் அந்த மேடையும் சேர்ந்து வழித்துக்கொண்டு போகும். பிளாக்கை அனுப்பும் முன்பே அச்சு எடு, போட்டோ எடு, "இந்த இடத்தைத் தொடாதே" என்று சாக்பீஸால் எழுதி அனுப்பு.

11. அமெரிக்க வண்டி என்றாலும் கனடாவைக் கேள்.

செல்போன் பிள்ளைகள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். பிரிட்டிஷ் சாம்ராஜ்ய நாடுகளுக்குள் சுங்க வரி குறைவு என்பதால், நம் பக்கம் வந்த "அமெரிக்க" வண்டிகளில் நிறைய கனடாவில் பிறந்தவை. 1926-ல் தொடங்கிய ஃபோர்டு மோட்டார் கம்பெனி ஆஃப் இந்தியாவே கனடா ஃபோர்டின் கிளைதான். வலது பக்கம் ஸ்டீயரிங் வைத்து ஏற்றுமதி செய்ததும் பெரும்பாலும் அவர்களே.

பிளிமத்தில் இதன் வித்தியாசம் உன் காசைக் கடிக்கும். எஞ்சின் எண்ணில் பி15சி என்று கடைசியில் சி வந்தால் கனடா. கனடா எஞ்சினின் ஹெட் சுமார் 25 அங்குலம். அமெரிக்கப் பிளிமத்தின் ஹெட் சுமார் 23 அங்குலம். அமெரிக்கப் பட்டியலைப் பார்த்து ஹெட் கேஸ்கெட் வரவழைத்தால் இரண்டு அங்குலம் குறையும். கப்பல் கூலியும் போச்சு. எண்ணைப் படித்த கையோடு ஸ்கேலை வைத்து அளந்துவிடு. கனடா போன்டியாக்கும் அப்படித்தான்: மேலே போன்டியாக் தோல், அடியில் செவர்லே சேசிஸும் எஞ்சினும். அமெரிக்க போன்டியாக் புத்தகத்தை வைத்து அதைப் படித்தால் ஒன்றும் பொருந்தாது.

12. இந்தியக் கை பட்ட இடங்களைத் தெரிந்துகொள்.

முழு வண்டியாக இறங்கியது ஒரு வகை. பெட்டியில் வந்து இங்கே பூட்டியது இன்னொரு வகை. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லிருந்து பம்பாய் சேவ்ரியில் செவர்லே பூட்டியது. குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1947-லிருந்து டாட்ஜும் பிளிமத்தும் பூட்டியது. உதிரிகளை மட்டும் இறக்கிப் பூட்டுவதை அரசு அனுமதிக்காதபோது, 1950-களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. அதற்குப் பிறகு வந்த பெரிய இம்பாலாக்களில் பல தூதரகங்களுக்கு வந்தவை. அவர்கள் விட்டுப்போனதை அரசின் எஸ்.டி.சி. (ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன்) விற்றது. இடது பக்க ஸ்டீயரிங்கோடு ஓர் இம்பாலா நம் ஊரில் நின்றால் பழைய ஆர்.சி.யில் எஸ்.டி.சி. பெயர் இருக்கிறதா என்று பார்.

அதன்பிறகு நம் கைவேலை. பெட்ரோல் விலைக்கு பயந்து ஆறு சிலிண்டர், எட்டு சிலிண்டர் எஞ்சின்களை இறக்கிவிட்டு டீசல் ஏற்றினார்கள். செம்பியம் சிம்சன் பெர்கின்ஸ் எஞ்சின் செய்யத் தொடங்கியபின் பி4-ம் பி6-ம் எத்தனையோ பிளிமத்துக்குள்ளும் டாட்ஜுக்குள்ளும் உட்கார்ந்தன. அப்படி மாற்றியவர்களை இன்று திட்டாதே. அந்த டீசல் இல்லையென்றால் அந்த வண்டிகள் எப்போதோ புதுப்பேட்டையில் துண்டாகியிருக்கும். மாற்றம் நடந்ததை மட்டும் உள்ளபடி எழுதிவை.

13. ஆர்.சி. புத்தகத்தைக் கடைசியில் படி, கவனமாகப் படி.

பழைய புத்தகங்களில் கையால் எழுதியவர் பார்த்ததைப் பார்த்தபடி எழுதியிருப்பார் என்று நினைக்காதே. எழுத்தை விட்டுவிட்டு இலக்கத்தை மட்டும் எழுதியிருப்பார். எஞ்சின் எண்ணையே சேசிஸ் கட்டத்திலும் எழுதியிருப்பார். 1930, 40-களின் வண்டிகளில் எஞ்சின் எண்தான் வண்டியின் அடையாளம் என்று பல இடங்களில் வழக்கம் இருந்தது. ஆகவே அது மோசடி என்று உடனே முடிவுகட்டாதே. பதிவு எண்ணும் பேசும். எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கினால் பழைய சென்னை மாகாணப் பதிவு, டி.எம். என்றால் தமிழ்நாடு என்று பேர் மாறிய பிறகு, டி.என்.-03 போன்றவை 1989-க்குப் பிறகு வந்த முறை. 1957 வண்டிக்கு டி.என்.-03 பதிவு இருந்தால் இடையில் என்ன நடந்தது என்று கேள். வேறு மாநிலத்திலிருந்து வந்திருக்கலாம், பழைய பதிவு காலாவதியாகியிருக்கலாம். காரணம் எதுவானாலும் அதற்கு ஒரு காகிதம் இருக்க வேண்டும்.

14. பஞ்சைக் கையில் எடுக்காதே.

தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். ஆர்.சி.யில் இருக்கும் எண்ணும் இரும்பில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால், ஆர்.சி.யைத் திருத்த ஆர்.டி.ஓ.வுக்கு மனு கொடுக்க வழி இருக்கிறது. இரும்பைத் திருத்த வழி இல்லை, அது குற்றம். "நைனா, ஒரே ஒரு எழுத்துதான், மங்கிப்போச்சு, அடிச்சுக் குடுங்க" என்று வருவார்கள். மங்கியதை மங்கியபடியே விடு. ஜெனரல் மோட்டார்ஸ் 1960-களின் நடுவிலிருந்து சேசிஸ் பிளேட்டை ஆறு இதழ் வெட்டிய தலை கொண்ட ரிவெட்டால் அடித்தது. அந்த இடத்தில் நம் கடை பாப் ரிவெட் இருந்தால், பார்க்கத் தெரிந்தவன் ஒரு பார்வையில் கண்டுபிடிப்பான். பல வண்டிகளில் ஃபிரேமிலும் அந்த எண்ணை அடித்திருப்பார்கள்; பாடியை இறக்கினால் அது வெளியே வரும். இந்தத் தொழிலில் ஒரு தடவை பேர் கெட்டால் இராயபுரத்தில் மட்டும் அது நிற்காது.

15. சட்டத்தையும் ஒரு கண் பார்த்து வேலை எடு.

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்குத் தனி விதி போட்டது. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் தாண்டிய இருசக்கர, நாலுசக்கர வண்டிகள், அசல் நிலையில், சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாமல் இருந்தால் வி.ஏ. என்ற எழுத்தோடு பதிவு கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு, இவற்றுக்கு மட்டும் ரோட்டில் ஓட்டலாம். தினம் ஆபீஸ் போக முடியாது. ஆகையால் பெர்கின்ஸ் ஏறிய பிளிமத்தோடு ஒருவர் வந்து "வி.ஏ. வாங்கிடலாமா?" என்று கேட்டால், வேலை தொடங்கும் முன்பே உண்மையைச் சொல். அசல் எஞ்சினைத் தேடிப் போடுவதா, இருப்பதை அப்படியே ஓட்டுவதா என்று அவர் முடிவு செய்யட்டும்.

16. நல்ல வண்டிகளைப் பார்த்துக் கண்ணைப் பழக்கு.

கெட்டதை மட்டுமே பார்த்து வளர்ந்தவனுக்கு நல்லது எது என்று தெரியாது. மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் காட்சி வைக்கும்போது போ. வடபழனி ஏவி.எம். ஹெரிடேஜ் மியூசியத்தில் பழைய கார்கள் இருக்கின்றன. கோயம்புத்தூர் போனால் ஜீடி கார் மியூசியம். உரிமையாளரிடம் கேட்காமல் எதையும் தொடாதே. கேட்டால் பெரும்பாலும் அவர்களே பானெட்டைத் தூக்கிக் காட்டுவார்கள். அங்கே ஒழுங்காக நிற்கும் ரிவெட், ஒழுங்காக அடித்த எழுத்தின் ஆழம், எழுத்துக்கு எழுத்து இடைவெளி, இவற்றை மனசில் வாங்கிக்கொள். பிறகு ஒரு பொய்ப் பிளேட்டைப் பார்த்தால் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் உனக்கே உறுத்தும். 1967 மாடலிலிருந்து வந்த ஃபோர்டு என்றால் மார்ட்டி ரிப்போர்ட் என்று காசு கொடுத்துக் கம்பெனிப் பதிவையே வாங்கலாம். செவர்லேக்கு அப்படி ஒரு வசதி பெரும்பாலும் இல்லை. அங்கே உன் கண்ணும் நோட்டும்தான்.

17. முடிவை விலைக்கு விற்காதே.

வாங்குகிறவருக்கு ஒரு எண்ணும் விற்கிறவருக்கு ஒரு எண்ணும் சொல்கிற ஆள் இங்கே நிறைய உண்டு. நீ பார்த்ததை இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி சொல். "எண் இம்பாலா என்கிறது, எஞ்சின் மாறியிருக்கிறது, ஆர்.சி.யில் இரண்டு எழுத்து விட்டுப்போயிருக்கிறது" என்று சொன்னால் போதும். "இதைத்தான் வாங்கணும்" என்பதும் "இது டுபாக்கூர்" என்பதும் உன் வேலையில் சேராது.

உன் வீட்டிலோ, தாத்தாவின் நண்பர் வீட்டுக் கொட்டகையிலோ இப்படி ஒரு வண்டி நின்றால், இந்த வாரமே போ. எண்ணை அச்செடு, பிளேட்டைப் படமெடு, ஆர்.சி.யை நகலெடு, மூன்றையும் ஒரே கவரில் போட்டு வீட்டுக்குள் வை. வண்டியைச் சரிசெய்யக் காசு எப்போது வேண்டுமானாலும் வரட்டும். உப்புக் காற்று எழுத்தைத் தின்றுவிட்டால் எந்தக் காசாலும் அது திரும்பி வராது.